4 மாசப் பிள்ளைக்குப் பெரிய விஎஸ்டி: எடை கூடட்டும்னு காத்திருக்கலாமா? எக்மோ பற்றியும் கேக்கணும்

மேல்புறத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க மூத்த பிள்ளை, பெண் பிள்ளை, நாளையோட நாலு மாசம் முடியுது. பிறந்தப்ப 2.9 கிலோ, இப்ப 4.1. முதல் மாசம் நல்லாத்தான் பால் குடிச்சா. ரெண்டாம் மாசம் ஊசி போடப் போன இடத்துல டாக்டர் நெஞ்சுல ஸ்டெத் வச்சவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அப்பவே எனக்கு உள்ள ஒரு மாதிரி ஆகிட்டு. எக்கோன்னு இதயத்துக்க ஸ்கேன் பாத்தோம். இதயத்துக்க கீழ் ரெண்டு அறைக்கும் நடுவுல 8 மில்லிமீட்டர் ஓட்டை, பெரிய விஎஸ்டின்னு எழுதித் தந்தாங்க. இப்ப உடம்புல நீர் சேராம இருக்க லாசிக்ஸ் சொட்டு கொடுக்கோம்.

அவ பால் குடிக்கத பாக்க முடியாது. நாலு இழுப்பு இழுப்பா, விட்டுட்டு மூச்சு வாங்குவா, மறுபடி நாலு இழுப்பு. நெத்தியும் பிடரியும் தண்ணி தெளிச்சது போல வேர்த்துக் கிடக்கும். பாதி வயிறு நிறையறதுக்குள்ள அசந்து தூங்கிருவா.

ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்னு திருவனந்தபுரத்துல சொல்லியாச்சு. வீட்டுல எனக்க அம்மாவுக்கு மனசு வரல்ல. "பச்சப்பிள்ளைக்க நெஞ்சைக் கீறவா? ஆறு கிலோ ஆகட்டும். கீழ வீட்டுப் பயலுக்கு ஓட்டை தானா அடைஞ்சிட்டுல்லா?"ன்னு ஒரே பிடியா நிக்கா. போதாததுக்கு சம்மதப் பேப்பர்ல வென்டிலேட்டர், டயாலிசிஸ், எக்மோங்கிற மெஷின் வரைக்கும் எழுதியிருக்கு. அதை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு மூணு நாளா நடக்கேன். இன்னும் கையெழுத்து போடல்ல. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

தக்கலை நர்ஸ் அக்கா:
தம்பி, முதல்ல அந்தக் கீழ வீட்டுப் பையன் விஷயம். அது பொய்யில்ல. தசைப் பகுதியில இருக்கிற சின்ன ஓட்டை நிறைய பிள்ளைகளுக்குத் தானா மூடிரும். அந்தப் பிள்ளைகள் பால் குடிக்கும், எடை ஏறும், வேர்க்காது. ஸ்டெத்ல சத்தம் மட்டும் பலமா கேக்கும். உங்க பிள்ளைக்கு இருக்கது வேற வகை. பேரு ரெண்டுக்கும் விஎஸ்டிதான், அதுதான் வீட்டுல குழப்பமாகுது.

முதல் மாசம் நல்லா இருந்தாள்னு எழுதியிருக்கீங்கல்லா, அதுக்குக் காரணம் உண்டு. பிறந்த உடனே நுரையீரல் ரத்தக்குழாயெல்லாம் இறுக்கமா இருக்கும். அதனால ஓட்டை வழியா அந்தப் பக்கம் ரத்தம் ரொம்பப் பாயாது. ஒண்ணரை, ரெண்டு மாசத்துல அந்த இறுக்கம் தளரும். தளர்ந்ததும் இடப்பக்கத்து ரத்தம் ஓட்டை வழியா நுரையீரலுக்குக் கொட்ட ஆரம்பிக்கும். மூச்சு வாங்குறதும் வேர்க்கிறதும் அப்பதான் தொடங்கும். பிள்ளை சும்மா படுத்திருக்கும்போதே ஓடுற மாதிரி சத்து செலவாகுது. குடிக்கிற பாலு மூச்சு விடுறதுக்கே போயிருது. அப்புறம் எடை எப்படி ஏறும்? ஓட்டையை அடைச்சாத்தான் எடை ஏறும். எடை ஏறட்டும், அப்புறம் அடைக்கலாம்னு இருந்தா ரெண்டும் நடக்காது.

இன்னொண்ணு, இது பயமுறுத்த இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியாது. அந்த அதிக ரத்த ஓட்டத்தை வருஷக்கணக்கா தாங்கினா நுரையீரல் குழாய்ச் சுவர் தடிச்சுப் போகும். ஒரு கட்டத்துக்கு மேல ரத்தம் திசை மாறி ஓட ஆரம்பிக்கும், பிள்ளை நீலமாகும். ஐசன்மெங்கர்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஓட்டையை அடைக்கவே கூடாது. பத்தாங்கிளாஸ் படிக்கிற வயசுல அப்படி வந்த பிள்ளையை நான் பாத்திருக்கேன். சின்னதுலயே ஒரு ஆபரேஷன்ல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் அது.

உங்க அம்மாகிட்ட வாதாட வேண்டாம். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி விட்டு, கடிகாரத்தைக் கையில கொடுத்து, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணச் சொல்லுங்க. இந்த வயசுல 50க்கு மேல போனா அது வேகமான மூச்சு. அவங்களே எண்ணட்டும்.

குளச்சல் கடலோன்:
எனக்க மவனுக்க கதையைச் சொல்லுகேன். அவனுக்கு ஃபாலோ டெட்ராலஜி. இதயத்துல நாலு குறை ஒண்ணா சேந்து வாறது. கடற்கரையில மத்த பிள்ளையளோட ஓடுவான். நாலு எட்டு ஓடிட்டு மணல்ல குத்த வச்சு உக்காருவான். கொஞ்ச நேரம் கழிச்சு எழும்புவான், மறுபடி ஓடுவான். சிப்பி பொறுக்குகான்னு நினைச்சோம். உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும். வெயில்ல நிக்கான்னு நினைச்சோம். குத்த வச்சு உக்காந்தா கால் ரத்தக்குழாய் அமுங்கி உடம்புல ரத்த அழுத்தம் கூடி நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போவும், அதுக்காகவே இந்தப் பிள்ளையள் தானா அப்படி உக்காரும்னு பிற்பாடு டாக்டர் சொன்னப்ப எனக்கு நெஞ்சு வெடிச்சிட்டு. பச்சப்பிள்ளை அவனுக்க வைத்தியத்தை அவனே கண்டுபிடிச்சு வச்சிருக்கான். தகப்பன் எனக்குத் தெரியல்ல.

ஒருநாள் காலையில அழுது அழுது நீலம் பாரிச்சு, கை கால் துவண்டு போச்சு. அவனுக்க அம்மை தூக்கித் தோளுல போட்டுட்டு ஓடினா. அப்படிச் செய்யப்பிடாது. முழங்கால் ரெண்டையும் மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடிக்கணும், அழுகையை அமத்தணும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும். இதை வாசிக்கிற நீலப்பிள்ளையளுக்க தாய் தகப்பன் யாரா இருந்தாலும் இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

ஆறு வயசுல சித்திரா ஆஸ்பத்திரியில ஆபரேஷன். இப்ப 19 வயசு, ஐடிஐ படிக்கான். வருஷத்துக்கு ஒருக்கா எக்கோ பாக்கணும், நுரையீரல் வால்வுல கசிவு உண்டு, பின்னால ஒரு வால்வு வைக்க வேண்டி வரலாம்னு சொல்லியிருக்காவ. முடிஞ்சுட்டுன்னு யாரும் ஃபைலைத் தூக்கிப் பரண்ல போட்டுராதீங்க.

வடசேரி மாமா:
எல்லாரும் நல்ல முடிவையே எழுதுறீங்க. நான் வேற ஒண்ணு எழுதணும். தங்கச்சி பிள்ளை, ஒன்றரை மாசம். வெளியூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரியே எக்மோவில் போட்டார்கள். 11 நாள். தினமும் காலையில் ஒரு டாக்டர் வெளியே வருவார், "ஸ்டேபிளா இருக்கு" என்பார், உள்ளே போய்விடுவார். தங்கச்சி தாலிச்செயினைத் தவிர மிச்ச நகையெல்லாம் கோட்டாறில் அடகு வைத்தாகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் மெஷினை நிறுத்துகிறோம் என்றார்கள். நாலாம் நாள் எடுத்த ஸ்கேனிலேயே மூளையில் பெரிய ரத்தக்கசிவு தெரிந்தது என்பது டிஸ்சார்ஜ் பேப்பரை இன்னொரு டாக்டரிடம் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரியும். மேல்புறத்தான் தம்பி, ஆபரேஷனுக்குச் சம்மதியுங்கள். எக்மோ வரிக்கு மட்டும் கையெழுத்து போடாதீர்கள். அது பிழைக்க வைக்கிற மெஷின் இல்லை.

பம்ப்ரூம்:
நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய ஆபரேஷனில் ஹார்ட் லங் மெஷினை ஓட்டுகிற ஆள். சொந்த ஊர் பூதப்பாண்டி பக்கம், வேலை வெளியூரில். வடசேரி ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவர் வீட்டுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில், ஆபரேஷனில் ஓடும் ஹார்ட் லங் மெஷின் வேறு, எக்மோ வேறு, அதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

விஎஸ்டி அடைக்க இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டும். நிறுத்திய நேரம் முழுக்க உடம்புக்கு ரத்தம் ஓட வேண்டுமே. அதுதான் ஹார்ட் லங் மெஷின். கெட்ட ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, பெருந்தமனிக்குத் திருப்பி அனுப்பும். அமெரிக்க சர்ஜன் ஜான் கிப்பன் 1953 மே மாதம் இதைக் கொண்டு முதன்முதலாக வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தார். மறு வருடம் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை என்ற சர்ஜன் மெஷினே இல்லாமல் செய்தார். எப்படி என்று கேளுங்கள். குழந்தையைப் படுக்க வைத்து, பக்கத்து மேசையில் அதன் அப்பாவைப் படுக்க வைத்து, அவர் தொடை ரத்தக்குழாயை ட்யூப் மூலம் குழந்தையோடு இணைத்தார். அப்பாவின் இதயமும் நுரையீரலும் குழந்தைக்கும் சேர்த்து வேலை செய்தன. 1954 மார்ச் 26. 13 மாதக் குழந்தை. நோய், இதே விஎஸ்டி. ஆபரேஷனைத் தாங்கிய அந்தக் குழந்தை 11ஆம் நாள் நிமோனியாவில் போய்விட்டது. இந்த முறையில் அவர் செய்த 45 ஆபரேஷன்களில் 28 பேர் வீடு திரும்பினார்கள். அந்த 45 குடும்பங்கள் படுத்த மேசையின் மீதுதான் நாங்கள் இன்று நிற்கிறோம்.

உங்கள் குழந்தைக்கு உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 330 மில்லி. சாயாக்கடைக் கண்ணாடி கிளாஸில் மூன்று கிளாஸ். மெஷினின் ட்யூப்களை நிரப்பவே கிட்டத்தட்ட அந்த அளவு வேண்டியிருக்கும், அதனால் வேறு ரத்தம் சேர்ப்போம். ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தியதும் இதயம் நின்றுவிடும். சர்ஜன் மேலறையைத் திறந்து, வால்வு வழியாக ஓட்டையைப் பார்த்து, ஒட்டுத்துணி மாதிரி ஒரு பேட்ச்சைச் சுற்றிலும் தைப்பார். பிறகு பெருந்தமனியை அடைத்துப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை எடுப்பார். ஒரு எலுமிச்சை அளவு இதயம். முதலில் ஒரு நடுக்கம், பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று. 14 வருடமாகப் பார்க்கிறேன், அந்த நேரத்தில் தியேட்டரில் ஒருவரும் பேசுவதில்லை.

தையல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரப் பாதை ஓடுகிறது. அதனால் தேவைப்பட்டால் துடிப்பைத் தூண்டுவதற்காகச் சில நாளைக்கு மெல்லிய பேஸிங் கம்பிகளை வயிற்றுக்கு மேலே வெளியே விட்டிருப்பார்கள். ஐசியூவில் பார்க்கும்போது பயப்படாதீர்கள். டாக்டர்கள் கட்டிலுக்கு வந்ததும் முதலில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். பாதம் சூடாக இருந்தால் இதயம் கடைசி விரல் வரை ரத்தம் அனுப்புகிறது என்று பொருள். நீங்களும் தொட்டுப் பார்க்கலாம், கையைக் கழுவிவிட்டு.

வென்டிலேட்டர் காற்றை மட்டும் தள்ளும். ரத்தத்தை இதயம்தான் அனுப்பியாக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் களைத்துப் போய், மருந்து கொடுத்தும் அனுப்ப முடியாமல் போனால்தான் எக்மோ. அது நாட்கணக்கில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் எடுத்துக்கொள்ளும். வடசேரி ஐயா சொன்ன ஒன்று உண்மை. எக்மோ எதையும் குணப்படுத்தாது. இதயம் தானாகத் தேறுவதற்கு நாள் கொடுக்கும், அவ்வளவுதான். தேறுகிற இதயம் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே அடையாளம் காட்டிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போன்ற மருந்து கொடுத்தாக வேண்டும், அதனால் மூளையில் கசிவு வரும் ஆபத்து எப்போதும் உண்டு. உலக அளவிலேயே இதயக் காரணத்துக்காக எக்மோவில் போன குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பாதி, எக்மோ இல்லையென்றால் அன்று இரவைத் தாண்டியிருக்காத குழந்தைகள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அதனால் அந்த வரியை அடிக்கச் சொல்ல மாட்டேன். கையெழுத்து போடும் முன் கேட்கச் சொல்வேன். எக்மோ வந்தால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தினமும் எங்களிடம் யார் பேசுவார்? மூளையை எப்போது ஸ்கேன் பார்ப்பீர்கள், பார்த்ததை அன்றே சொல்வீர்களா? எந்த நிலை வந்தால் போதும் என்று முடிவெடுப்போம்? நேர்மையான டீம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. ஐயா வீட்டுக்கு "ஸ்டேபிள்" என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் சொல்லப்படவில்லை. அந்தக் குழந்தைக்கு மெஷின் தேவைப்பட்டிருக்கலாம். நாலாம் நாளுக்குப் பிறகு உங்களிடம் உண்மையைச் சொல்லாமல் ஓட்டியதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரணியல் அம்மா:
வீடு திரும்பிய அந்தப் பாதியில் ஒருத்தனோட அம்மா நான். என் மகனுக்கு இரண்டு பெருங்குழாயும் இடம் மாறி இருந்தது, டிஜிஏ. பிறந்த மறுநாள் ஒரு நர்ஸ் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டிப் பார்த்தாங்க. 95 இருக்க வேண்டிய இடத்தில் 78. பிள்ளை பார்க்க நல்லாத்தான் இருந்தான், கொஞ்சம் கருநீலம், அவ்வளவுதான். புரோஸ்டகிளாண்டின் சொட்டு ஏற்றித்தான் ஆம்புலன்ஸில் அனுப்பினாங்க. பிறந்ததும் மூடிப்போகிற ஒரு ரத்தக்குழாயை மூடவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து அது. மூச்சு நிக்கலாம் என்று ஒரு டாக்டர் கூடவே உட்கார்ந்து வந்தார்.

9ஆம் நாள் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்தும் இதயத்தால் ரத்தத்தை அனுப்ப முடியவில்லை. நாலு நாள் எக்மோ. நெஞ்சை மூடாமல் ஒரு மெல்லிய உறையைப் போட்டு வைத்திருந்தாங்க, அதற்குக் கீழே இதயம் துடிப்பது தெரியும். நான் பார்த்தேன். பார்த்த பிறகு என்னால் பயப்பட முடியவில்லை, பயம் எங்கேயோ போய்விட்டது. தினமும் பாலைப் பீய்ச்சி, தேதி எழுதி, ஃப்ரீசரில் கொடுப்பேன். 5 மில்லி ட்யூப்பில் இறங்கிய நாள் எனக்கு அவன் மறுபடி பிறந்த நாள்.

மூளையில் சின்ன அடைப்பு வந்தது, அன்று சாயங்காலமே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாங்க. அதனால் இடது கை கொஞ்சம் பலம் குறைவு. சட்டைப் பொத்தானை இன்னும் ஒற்றைக் கையால்தான் போடுவான். 5 வயசு, யுகேஜி போகிறான். வடசேரி அண்ணா, உங்க தங்கச்சிகிட்ட நான் ஒருநாள் பேசலாமா? ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க.

தக்கலை நர்ஸ் அக்கா:
காசு விஷயம் பலர் தனிச்செய்தியில் கேக்கீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆனா எந்த ஆஸ்பத்திரி அட்டையை எடுக்கும், எந்த ஆபரேஷனுக்கு எடுக்கும், ஐசியூ நாள் கூடினா என்ன ஆகும் எல்லாம் காப்பீட்டு மேசையில் இருக்கவங்ககிட்ட அட்மிஷனுக்கு முன்னாலயே கேட்டு எழுதி வாங்குங்க. பிள்ளைகளுக்க இதய ஆபரேஷனுக்கான கேரளத்து ஹ்ருத்யம் திட்டம் அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. களியக்காவிளை தாண்டினதும் நமக்கும் கிடைக்கும்னு நினைச்சுப் போய்த் திரும்பி வந்தவங்க உண்டு. பிள்ளைகளுக்கு உடம்பு பரிசோதனை பண்ணுற அரசாங்க ஆர்பிஎஸ்கே டீம் அங்கன்வாடிக்கு வரும்போது பிள்ளையைக் காட்டாம ஒளிக்காதீங்க, அவங்க மூலமாவும் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.

மேல்புறத்தான்:
அம்மா எண்ணினா. 68. கடிகாரம் கெட்டுட்டுன்னு சொல்லிட்டு, எனக்க செல்போனை வாங்கி மறுபடி எண்ணினா. 71. ஒண்ணும் பேசல்ல. சாயங்காலம் குழந்தைத் துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில வச்சு வாசல்பக்கம் கொண்டு வச்சா. நான் பேப்பர்ல எல்லா வரிக்கும் கையெழுத்து போட்டேன், பம்ப்ரூம் அண்ணன் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு. மூணாவது கேள்விக்கு அந்த டாக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உக்காந்துதான் பதில் சொன்னார்.

மேல்புறத்தான்:
இன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சது. காலையில எட்டு மணிக்கு வாங்கிட்டுப் போனாங்க. கதவுப் பக்கம் வச்சு நர்ஸ் அவ இடுப்புக் கருப்புக் கயிறைக் கத்தரிச்சு என் கையில தந்தாங்க. ஒண்ணரை மணி வரை அதைக் கையில சுத்தி வச்சிட்டே இருந்தேன். எக்மோ தேவைப்படல்ல. ஐசியூவுல ரெண்டு நிமிஷம் விட்டாங்க. எங்க பாத்தாலும் ட்யூப், முகம்கூட சரியாத் தெரியல்ல. பாதத்தைத் தொட்டேன். சூடா இருந்து.

வடசேரி மாமா:
தம்பி, படித்தேன். மனசுக்கு நிம்மதி. இரணியல் அம்மாவுக்குத் தங்கச்சி நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன். மதியம் கூப்பிடுங்கள், அப்போது வீட்டில் தனியாக இருப்பாள்.

தக்கலை நர்ஸ் அக்கா:
தம்பி, வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு விஷயம். நெஞ்செலும்பு சேர ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில, ஒரு கை இடுப்புக்கு அடியில, கோரி எடுக்கிற மாதிரி. பாக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல அக்குளுக்குத்தான் கையைக் கொண்டு போவாங்க, பாத்துக்கிடுங்க.

மேல்புறத்தான்:
வீட்டுக்கு வந்து 12 நாள். 4.5 கிலோ. பாலு ஒரே மூச்சுல குடிக்கா, நெத்தி காய்ஞ்சிருக்கு. அக்கா சொன்னதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். இப்ப வாசல்லயே உக்காந்திருக்கா. யாரு பாக்க வந்தாலும் கையைக் கழுவ வச்சு, ஒரு தலையணையைக் கையில கொடுத்து, முதல்ல அதைக் கோரி எடுத்துக் காட்டச் சொல்லுகா. சரியா எடுத்தாத்தான் பிள்ளையைத் தாறா.